பால்மாட்டு இறைச்சி

சீமோன் கெட்டது ஒரு சொல்லால் என்று ரொறன்ரோ மல்வேர்ன் சனம் இன்றைக்கும் சொல்லும். சனத்துக்கு என்ன, வாய் சும்மா கிடக்காது. சொல்லால் கெட்டது பாதிதான். மீதிப் பாதி நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசைக்குப் போகிற அவசரத்தில் கெட்டது. அது அவனுக்கும் அவன் பெண்சாதி பேர்ணடெற்றுக்கும் மட்டும் தெரிந்த கதை. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மன்னாரில் முருங்கன் பக்கத்து ஆள் சீமோன். தொண்ணூற்றொன்றில் ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது வயது நாற்பது. இங்கிலீசு அரைகுறை. படித்த படிப்பென்று சொன்னால் மாடு ஒன்றுதான். காதைத் தொட்டுக் காய்ச்சல் சொல்வான், சாணத்தைப் பார்த்து முதல்நாள் தின்றது என்ன என்று சொல்வான். வேலை தேடித் தரும் கந்தோரில் இருந்த பிள்ளை “உமக்கு என்ன தெரியும்?” என்று கேட்டதற்கு அவன் உண்மையைச் சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு மார்க்கம் என்ற ஊரில் ஒரு ஃபக்ரறிக்கு அனுப்பினாள். அங்கே தயிர் டப்பாவுக்குப் பிளாஸ்ரிக் மூடி செய்கிறார்கள். மாட்டுக்கும் அவனுக்கும் கனடாவில் மிஞ்சிய உறவு அந்த மூடி ஒன்றுதான்.

மனம் கேட்கவில்லை. சனி ஞாயிறில் மார்க்கத்துக்கு வடக்கே ஒரு பால்பண்ணைக்குச் சாணம் அள்ளப் போனான். கறுப்பு வெள்ளைப் பசுக்கள் நூறு நின்றன. பெண் கன்று பிறந்தால் பண்ணைக்காரனுக்குக் கொண்டாட்டம். நாம்பன் பிறந்தால், அதுதான் ஆண் கன்று, மூன்றாம் நாள் லொறி வரும். தொப்புள்கொடி காயாத கன்றைக் காலில் பிடித்துத் தூக்கி எறிவார்கள். பால் தராத சாதிக்கு அங்கே இடமில்லை.

“உதுகளை எனக்குத் தாவன். நான் வளர்த்து இறைச்சிக்குக் குடுக்கிறன்,” என்று சீமோன் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டான்.

பண்ணைக்காரன் சிரித்தான். “இது பீஃப் இல்லை சீமோன், டெயரி. என்னத்தைப் போட்டாலும் எலும்பும் தோலும்தான் மிஞ்சும். டெயரி எண்டால் டெயரிதான்.”

சீமோனுக்கு அது சுட்டது. முருங்கனில் பாலுக்கென்று ஒரு மாடு, இறைச்சிக்கென்று ஒரு மாடு என்று எவன் பிரித்தான்? மாடு மாடுதான். செய்து காட்டுகிறேன் பார் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டான்.

அவன் நல்லகாலமோ கெட்டகாலமோ, கொர்னேலியஸ் அகப்பட்டான். ரூஜ் ஆற்றுக்கு அங்கால், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருந்த ஒல்லாந்துக் கிழவன். செயற்கை உரமும் பூச்சிமருந்தும் தொடாதவன். கோதுமை வெட்டிய பிறகு நிலத்தை வெறுமையாக விடமாட்டான். ஓட்ஸ், றை, டர்னிப், குளோவர் என்று ஏதாவது தீவனப்பயிர் விதைத்து மூடிவிடுவான். நிலம் குளிரில் சட்டையில்லாமல் நிற்கக் கூடாது என்பது அவன் பேச்சு. அந்த மூடுபயிரை மாடு மேய்ந்து, அங்கேயே சாணம் போட்டால் நிலமும் கொழுக்கும், மாடும் கொழுக்கும். ஆனால் கிழவனுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டது, மாடு பார்க்க ஆளில்லை.

இரண்டு பேரும் கைகொடுத்துப் பேசிக்கொண்டார்கள். மாடு சீமோனுடையது, மேய்ச்சல் கொர்னேலியஸுடையது. தானியம் கொடுக்கக் கூடாது, மருந்தூசி போடக் கூடாது. ஓர்கானிக் சான்றிதழ்க்காரர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள். முதல் மந்தை நல்ல இறைச்சியாக விலைப்பட்டால் வயல் வருசா வருசம் சீமோனுக்கு, அவன் ஃபக்ரறிக்கு முழுக்குப் போடலாம். விலைப்படாவிட்டால், கிழவனின் மகன் நச்சரிக்கிறபடி, சோயா போடுகிறவனுக்கு வயல் போகும்.

தொண்ணூற்று நாலு வசந்தத்தில் பன்னிரண்டு நாம்பன் கன்றுகள் வந்தன. பேர்ணடெற் ஒவ்வொன்றுக்கும் போத்தலில் பால் பருக்கினாள். விடிய மல்வேர்னில் இருந்து பழைய வானில் இரண்டு பேரும் போவார்கள். பின்னேரம் சீமோன் ஃபக்ரறிக்குப் போய் மூடி அடிப்பான். கரண்ட் ஓடுகிற கயிற்றை வேலியாகக் கட்டி, தினம் ஒரு துண்டு வயலாக மந்தையை நகர்த்துவான். புதுத் துண்டு திறந்தவுடன் பன்னிரண்டும் தலையைக் கவிழ்த்து, நாக்கால் வளைத்து வளைத்துப் பறிக்கிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்பான். அந்த இரண்டரை வருசமும் சீமோன் சந்தோஷமாக இருந்தான். இந்த நாட்டில் அவன் சந்தோஷமாக இருந்தது அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறு ஆவணியில் மாடுகள் தயார். முதுகு பலகை போல அகன்று, வால் அடியில் கொழுப்பு திரண்டிருந்தது. கொர்னேலியஸே தடவிப் பார்த்துவிட்டு “இது டெயரி என்று எவன் சொல்லுவான்?” என்றான். இனி வாங்குகிற சனத்தைப் பிடிக்க வேண்டும். மன்னார், தீவுப்பகுதி, யாழ்ப்பாணக் கத்தோலிக்கச் சனம் ஸ்காபரோவில் நிறைந்து கிடந்தது. தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் அடிப்போம் என்று சான்றிதழை மேசையில் விரித்து வைத்தான் சீமோன். அதில் டெயரி மாடு என்று எழுதியிருந்தது.

“நாம்பன் இறைச்சி எண்டு போடுங்கோ. சனத்துக்கு டக்கெண்டு விளங்கும்,” என்றாள் பேர்ணடெற், வெங்காயம் உரித்தபடி.

“விசரே உனக்கு? நாம்பன் எண்டது பட்டியிலை கதைக்கிற சொல்லு. அச்சிலை போடுற சொல்லே அது?”

“அப்ப என்ன போடப் போறியள்?”

“பால்மாடு. சான்றிதழிலையும் அப்பிடித்தான் கிடக்கு. பாலெண்டால் ஆருக்குப் பிடியாது?”

பேர்ணடெற் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு “உங்கடை விருப்பம்” என்றாள். இருபது வருசக் கலியாணத்தில் அந்த இரண்டு சொல்லுக்கும் என்ன அர்த்தம் என்று சீமோன் இன்னும் படிக்கவில்லை. ‘புல்லும் பயிரும் மட்டுமே தின்று வளர்ந்த பால்மாட்டு இறைச்சி. தானியம் இல்லை. மருந்து இல்லை. ஊசி இல்லை.’ ஐந்நூறு பிரதி அடித்துத் தமிழ்க் கடைகளிலும் கத்தோலிக்கக் கோயில் வாசலிலும் வைத்தான்.

ஒரு குருவிகூட ரெலிபோனில் கூப்பிடவில்லை. பேசிய ஒரே ஆள், அதே கட்டடத்தில் ஏழாம் மாடியில் இருந்த பாலேஸ்வரி அக்கா. நெற்றி நிறைய வீபூதியோடு லிஃப்ற்றில் நின்றவர், அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி, நாங்கள் மாடு தின்னிறேல்லை. நீங்கள் தின்னிறது உங்கடை விசயம். எண்டாலும் பால் தாற மாட்டையே பிடிச்சு வெட்டுறது? உங்கடை ஆக்களே உதைச் செய்யாயினமே.”

“ஐயோ அக்கா, அது நாம்பன்,” என்று சீமோன் சொல்ல, லிஃப்ற் கதவு மூடிவிட்டது.

அப்போதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. புரட்டாதியில் ஒரு மாட்டை வெட்டுவித்து, சிறு சிறு பொதியாகப் பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தான். சும்மா கொண்டுபோய்ச் சமைத்துப் பாருங்கள் என்றான். கோயில் சபையில் மூத்தவர் அமிர்தநாதர். அவர் தொட்டால் மற்றவர்களும் தொடுவார்கள். அவர் பொதியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுப்பு மஞ்சளாக இருந்தது, மஞ்சள்தூள் பூசினது போல. புல் தின்ற மாட்டுக்கு அப்படித்தான் இருக்கும். கடையில் கிடக்கிறது சோளம் தின்ற மாடு, அதன் கொழுப்பு வெள்ளை. கிழட்டுப் பசுவின் கொழுப்பும் மஞ்சள்தான். அது மண்டபத்தில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

“சீமோன், உமக்கு நான் என்ன குறை விட்டனான்? பால்மாடெண்டு எழுதியிருக்கேக்கையே யோசிச்சனான். பால் வத்தின கிழடைத் தள்ளிவிடப் பாக்கிறீர், என்ன?”

“அண்ணை, அது இளம் நாம்பன். இரண்டரை வயசு.”

“அப்ப ஏன் காணும் பால்மாடெண்டு போட்டனீர்? நாம்பன் பால் கறக்குதே?”

மண்டபம் சிரித்தது. பிரசுரத்துக்குக் கொழுப்பு சாட்சி சொன்னது, கொழுப்புக்குப் பிரசுரம் சாட்சி சொன்னது. நடுவில் சீமோன் கள்ளனைப் போல நின்றான். பொதிகளைத் திரும்பப் பெட்டியில் அடுக்கினான். கண்ணீர் வந்துவிடுமோ என்று பயந்து வானுக்குள் போய் இருந்தான்.

மற்றப் பெண்சாதி என்றால் நான் அப்போதே சொன்னேன் என்று ஒரு மாதத்துக்குக் குத்திக் காட்டியிருப்பாள். பேர்ணடெற் அன்றிரவே புதுப் பிரசுரம் எழுதினாள். ‘இளநாம்பன் இறைச்சி. வயது இரண்டரை. கொழுப்பு மஞ்சள், அது புல்லின் நிறம்.’ அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு பெரிய சட்டியில் கறி காய்ச்சி, பாணும் வாங்கிக்கொண்டு மண்டபத்து வாசலில் நின்றாள். அமிர்தநாதர் ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு தின்றார். பிறகு சட்டியை விட்டு நகரவில்லை.

“நாம்பனெண்டு முதலே சொல்லுறதுக்கென்ன, மடையா,” என்று சீமோனின் முதுகில் ஒன்று போட்டுவிட்டு, பேர்ணடெற் ஓடர் எழுதக் கொண்டுவந்த கொப்பியில் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினார்.

அதற்குப் பிறகு சனம் நெருக்கியது. நத்தார்ப் பண்டிகைக்கு வேண்டும், கால் மாடு தா, அரை மாடு தா என்றார்கள். யூனியன்வில்லில் இருந்தெல்லாம் ஆள் வந்தது. ஐப்பசி முடிய நாற்பத்து மூன்று குடும்பம். மிஞ்சி நின்ற பதினொரு மாட்டில் ஒன்றரைதான் பேசப்படாமல் கிடந்தது. சீமோன் ஃபக்ரறி ஃபோர்மனிடம் “நத்தாரோடை நான் வேலையை விடுறன்” என்றே சொல்லிவிட்டான்.

ஒரேயொரு இடைஞ்சல். மான் வேட்டைக் காலம், வேட்டைக்காரர் மானைக் கொண்டுவந்து குவித்தபடியால் இறைச்சி வெட்டும் இடத்தில் நவம்பர் பதினெட்டுக்குத்தான் நாள் கிடைத்தது. முதல் பிரசுரம் சரியாக இருந்திருந்தால் மாடுகள் ஐப்பசி தொடக்கத்திலேயே போயிருக்கும். இப்போது ஓட்ஸும் டர்னிப்பும் மேய்ந்து முடிந்துவிட்டன. மிஞ்சியது ஓடைக்கரையில் முழங்கால் உயரத்துக்கு நின்ற சிவப்புக் குளோவர்.

“உறைபனி விழுந்த குளோவர் பொல்லாதது,” என்றான் கொர்னேலியஸ். “பசித்த மாட்டை அதில் விட்டால் வயிறு ஊதிச் செத்துப்போகும். முதலில் காய்ந்த புல்லை வயிறு முட்டக் கொடு. பிறகு விடு.”

சீமோனுக்கு இது புதுசா? ஊரில், பெரியதம்பனை மேய்ச்சலில் மழைக்குப் பிறகு வயிறூதின மாட்டை எத்தனை தரம் பார்த்திருப்பான். ஆறு நாள் கணக்காகச் செய்தான். விடியக் காய்ந்த புல் கட்டுகளைக் கொட்டிலில் இருந்து இழுத்துவந்து பிரித்துப் போடுவான். இரண்டு மணித்தியாலம் தின்னவிட்டுத்தான் கயிற்றை நகர்த்துவான்.

ஏழாம் நாள் ஞாயிறு. முதல்நாள் இரவு கனத்த உறைபனி. அன்றைக்குப் பூசை முடியச் சுவாமியார் சீமோனை முன்னுக்குக் கூப்பிட்டுப் பேசச் சொல்வார் என்று அமிர்தநாதர் ஏற்பாடு செய்திருந்தார். கனடாவுக்கு வந்து ஐந்து வருசத்தில் அவனை ஒருவரும் எதற்கும் முன்னுக்குக் கூப்பிட்டதில்லை. புதுச் சேர்ட் வாங்கியிருந்தான், வெள்ளை. வான் ஸ்டார்ட் வராமல் அரை மணித்தியாலம் மண்ணாகப் போனது. வயலுக்கு வந்தால் பதினொரு மாடும் கயிற்றடியில் நின்று கத்துகின்றன. அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று குளோவர், மேலே பனி உருகி மினுங்கியது. கொட்டிலைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், சேர்ட்டைப் பார்த்தான்.

கயிற்றை நகர்த்தினான்.

வானில் இருந்த பேர்ணடெற், அவன் வந்து ஏறியதும் கேட்டாள். “காய்ஞ்ச புல்லுப் போட்டியளே?”

“ஓம்,” என்றான் சீமோன்.

பூசையில் அவன் நன்றாகவே பேசினான். முதலில் நாக்குத் தடக்கியது, பிறகு சரளமாக வந்தது. மாடு என்ன தின்னும், நிலம் எப்படித் தின்னும், அப்படியெல்லாம் சொன்னான். சனம் கை தட்டியது. பேர்ணடெற் மூன்றாம் வரிசையில் இருந்து அவனைப் பார்த்த பார்வை, அவர்கள் கலியாணப் பூசையன்று பார்த்த பார்வை. மிச்சம் இருந்த ஒன்றரை மாடும் கோயில் படியில் வைத்தே பேசி முடிந்தது. அவனுக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வழியில் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வானை ஓட்டினான்.

வயல் வாசலில் திரும்பும்போதே தெரிந்தது. கத்தல் இல்லை. ஓடைக்கரையில் கறுப்பும் வெள்ளையுமாக ஐந்து கிடந்தன, கால்கள் விறைத்து வானத்தைப் பார்த்தபடி. மற்றவை வாயைப் பிளந்து, நாக்கைத் தள்ளி, இடப்பக்கம் பீப்பாவாக ஊதி நின்றன.

“எண்ணெய்! எண்ணெய் எடு!” என்று கத்திக்கொண்டு சீமோன் ஓடினான். இடுப்பில் கிடந்த பேனாக்கத்தியை விரித்து, இடப்பக்கம் விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் அளந்து குத்தினான். பச்சை நுரை சீறிக்கொண்டு அடித்தது. அடுத்த மாடு. அடுத்த மாடு. ஆறாவது மாடு அவன் கத்தியைத் தூக்கும்போதே முழங்காலில் விழுந்து, அவன் மேலேயே சரியப் பார்த்துச் செத்தது.

வயிற்று நுரை அடங்கவென்று பேர்ணடெற் கடையில் வாங்கின நல்லெண்ணெய்ப் போத்தலை ஒரு மாட்டின் வாயில் கவிழ்த்துவிட்டு, கொட்டிலில் சமையல் எண்ணெய் இருக்குமா என்று ஓடினாள். அங்கே அன்றைக்குப் போட வேண்டிய காய்ந்த புல் கட்டுகள் நாலும் அடுக்கியபடி இருந்தன. கட்டின சணல்கூட அறுக்கப்படவில்லை. அவள் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாளோ தெரியாது. எண்ணெய் வாளியோடு திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே சீமோனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் எண்ணெய் ஊற்றினான்.

கொர்னேலியஸ் தடியை ஊன்றிக்கொண்டு வந்து சேர, அவன் கூப்பிட்ட மிருக வைத்தியப் பெண்ணும் வந்தாள். ஐந்து மாடு உயிரோடு நின்றன, வயிற்றில் கத்தித் துளையோடு. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஊசி போடாவிட்டால் உள்ளே சீழ் பிடித்து நாலைந்து நாளில் துடித்துச் சாகும். போட்டால் பிழைக்கும். ஆனால் உங்கள் சான்றிதழ் போய்விடும். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

சீமோன் மாடுகளைப் பார்த்தான். ஒன்று வந்து அவன் சேர்ட்டை முகர்ந்தது. வெள்ளைச் சேர்ட் இப்போது இரத்தமும் பச்சை நுரையுமாக இருந்தது. இதைக் காப்பாற்றத்தானே, இந்தச் சனியன் பிடித்த சேர்ட்டைக் காப்பாற்றத்தானே என்று நினைத்தான். பெரிய குரல் எடுத்து அழுதான். கொர்னேலியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“போடுங்கோ,” என்றான் சீமோன். அன்றைக்கு அவன் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

கிழவன் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “வசந்தத்தில் என் மகன் வயலைப் பார்த்துக்கொள்வான்” என்றான், சீமோனின் தோளைத் தொட்டான், தடியை ஊன்றிக்கொண்டு போனான்.

வானில் வீடு திரும்பும்போது நெயில்சன் வீதிச் சிவப்பு விளக்கில் பேர்ணடெற் வாய் திறந்தாள்.

“ஓம் எண்டு ஏன் சொன்னனீங்கள்?”

விளக்கு பச்சையாகியும் சீமோன் வானை எடுக்கவில்லை. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன.

“இல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் இறங்கிப் போய்ப் போட்டிருப்பன்,” என்றாள் அவள். “எனக்கென்ன, பழைய சட்டைதானே போட்டிருந்தனான்.”

நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் அவளே ரெலிபோன் எடுத்தாள். பிறகு கோயில் படியில் பேசிக்கொண்டவர்களுக்கும் எடுத்தாள். பனியால் குளோவர் நஞ்சாகிப் போச்சு, ஆர் என்ன செய்யிறது என்று ஒரே பல்லவியை எல்லாருக்கும் சொன்னாள். காய்ந்த புல்லைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அமிர்தநாதர் “முதலே நாம்பனெண்டு போட்டிருந்தால் நேரத்தோடை முடிஞ்சிருக்கும், அந்தச் சொல்லுத்தான் கெடுத்தது” என்று அனுதாபப்பட்டார். ஓம் அண்ணை, அந்தச் சொல்லுத்தான் என்றாள் பேர்ணடெற். அப்படித்தான் அந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. அடுத்த அறையில் படுத்திருந்த சீமோனுக்கு ஒவ்வொன்றும் கேட்டது. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

திங்கட்கிழமை காலை செத்த மாடு ஏற்றுகிற லொறி வந்தது. உயிரோடு நின்ற ஐந்தும் காயம் ஆறியபிறகு ஏலத்துக்குப் போகும், வாங்குகிறவன் கொண்டுபோய்ச் சோளம் போட்டு முடிப்பான். லொறிக்காரன் ஒரு இளந்தாரி, வாயில் சுவிங்கம். சங்கிலியைக் காலில் கொழுவி ஒவ்வொன்றாக இழுத்து ஏற்றினான். ஆறும் ஏறியபிறகு ஒரு பலகையில் கடதாசியைச் சொருகிக்கொண்டு சீமோனிடம் வந்தான். பெயர் கேட்டான். இடம் கேட்டான். எத்தனை என்று கேட்டான். சீமோன் சொல்லச் சொல்ல எழுதினான்.

“பீஃபா, டெயரியா?” என்றான் கடைசியாக.

சீமோன் லொறியைப் பார்த்தான். அகன்ற முதுகு ஒன்று விளிம்புக்கு மேலே தெரிந்தது. அதை அப்படி ஆக்க இரண்டரை வருசம் எடுத்தது. பக்கத்தில் நின்ற பேர்ணடெற் அவன் என்ன சொல்லப் போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

“டெயரி,” என்றான் சீமோன்.

லொறிக்காரன் கடதாசியில் ஒரு பெட்டியில் புள்ளடி போட்டுவிட்டு, கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினான்.